நாலு சக்கரமும் இழுக்கும், நிறுத்துவது யார்?

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, ஒட்டுக்கேட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தொம்மலூர் மேம்பாலத்துக்கு அடியில் சிக்னல் விழுந்திருந்தது. நான் ஆட்டோவில். பக்கத்தில் ஒரு பிக்கப் வண்டி. முன்பக்கம் கார் மாதிரி, பின்பக்கம் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி. அதன் கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளே ஒரு ஆண்குரல், ஒரு பெண்குரல்.

"அதைத் திருப்பி டூ வீலுக்குப் போடுங்கன்னேன்ல?"

"குளிர்காலம்டி."

"இது பெங்களூருங்க."

"புக்குல விண்டர்னு போட்டிருக்கான். டிசம்பர் விண்டர் இல்லியா? நீ மாட்டிட்டிருக்கறது என்னா, ஸ்வெட்டரா, ரெயின்கோட்டா?"

"அப்ப ஏன் திருப்பும்போதெல்லாம் மாடு மாதிரி கத்துது?"

"அது பலம்."

பச்சை விழுந்தது. பிக்கப் யூ-டர்ன் எடுத்தது. சக்கரங்கள் தார் ரோட்டில் தேய்ந்து, வண்டி அடிவயிற்றிலிருந்து முனகி, குதித்துக் குதித்துத் திரும்பியது. நான் கழுத்தை நீட்டிப் பார்த்ததில் ஆட்டோக்காரர், "அஜ்ஜி, தலை உள்ளே" என்று என்னைப் பாட்டியாக்கி அதட்டினார்.

அவ்வளவுதான் கிடைத்தது. எனக்கு அது போதும். கதைகள் எனக்குப் பேச்சாகத்தான் வரும். முதலில் இரண்டு பேர் வாயாடுவார்கள். யார், எந்த ஊர், என்ன உயரம் என்பதெல்லாம் பிறகு தானே வந்து சேரும். சிலருக்குக் கடைசிவரை முகமே வருவதில்லை. சந்திரனுக்கு இன்னும் மூக்கு வரவில்லை, மீசை மட்டும் வந்திருக்கிறது.

(சந்திரன் யார் என்கிறீர்களா? அந்த ஆண்குரல். பெயர் நான் வைத்தது. பெண்குரல் மகா. அதுவும் நான் வைத்ததுதான். வண்டியின் கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். வண்டிமேல் ஒரு குற்றமும் இல்லை.)

2

தொடக்கங்கள்.

"பொம்மனஹள்ளியில் அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. கூரைகளெல்லாம் வெண்மை போர்த்தி—"

அடித்துவிட்டேன். பொம்மனஹள்ளியில் கொட்டுவது எது என்று ஓசூர் ரோட்டில் ஒருமுறை பைக்கில் போனவர்களுக்குத் தெரியும்.

"நான்கு சக்கர இழுவை கொண்ட பிக்கப் வண்டியைக் குளிர்காலத்தில் பாதுகாப்பாக ஓட்ட விரும்புவோர் முதற்கண் கவனிக்க வேண்டியது யாதெனில்—"

இங்கேதான் மகா முதல் தடவையாக என்னிடம் பேசினாள். "ரைட்டரம்மா, நீங்க யாதெனில்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள வண்டி பள்ளத்துல கெடக்கும்."

சரியென்று அதையும் விட்டேன். மூன்றாவதாக வந்தது இது. இதை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்:

டிசம்பர் பிறந்த அன்று காலையில் சந்திரன் பரணிலிருந்து ஸ்வெட்டர்களை இறக்கினார். தூசி தட்டி வெயிலில் போட்டார். குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டார். பிறகு கீழே போய் வண்டியில் ஏறி, 2H-இல் இருந்த குமிழை 4H-க்குத் திருப்பினார். அந்த வீட்டில் குளிர்காலம் தொடங்கிவிட்டது.*

* குமிழைப் பற்றி நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. 2H என்றால் பின் சக்கரங்கள் மட்டும் வண்டியைத் தள்ளும். 4H என்றால் முன்னும் பின்னும் சேர்ந்து இழுக்கும். 4L அதையே மெதுவாக, முரட்டு பலத்தோடு செய்யும். வளைவில் முன் சக்கரங்கள் சுற்ற வேண்டிய தூரம் அதிகம், பின் சக்கரங்களுக்குக் குறைவு. இந்த மாதிரி வண்டியில் 4H போட்டால் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சேற்றிலும் பனியிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோடு வழுக்க விடாது. அப்போது வண்டி கத்தும். நாளடைவில் உள்ளே இருக்கும் பல் சக்கரங்கள் போகும். சந்திரன் பலம் என்றது இந்தக் கத்தலைத்தான்.

அவரை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். பீன்யா தொழிற்பேட்டையில் வேலை பார்த்த காலமெல்லாம் மிஷினைத் தொடுமுன் மேனுவலைத் தொட்ட மனிதர். மேனுவல் எண்ணெய் மாற்றச் சொன்னால், எண்ணெய் கண்ணாடி மாதிரி இருந்தாலும் மாற்றுவார். அதனாலேயே அவர் விரல்கள் எல்லாம் இன்றும் கையோடு இருக்கின்றன. கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியாது. ஓய்வு பெற்றதும், யாரோ ஓட்டிக் கழித்த இந்த வண்டியை வாங்கினார். டேஷ்போர்டுக்குள் அதன் புத்தகமும் இருந்தது. குளிர்காலத்தில் 4H பயன்படுத்தவும் என்று அதில் ஒரு வரி. அந்த வரியை எழுதியவருக்கு ஜன்னலுக்கு வெளியே பனிக்கட்டி. வாசித்தவருக்கு ஜன்னலுக்கு வெளியே தள்ளுவண்டியில் அவரைக்காய்.

3

மகா பொம்மனஹள்ளிச் சந்துகளில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். முன்னால் மாடு, பின்னால் தண்ணீர் லாரி, உள்ளே யாராவது ஒரு பிள்ளை வாந்தி. ஆகவே அவளுக்கு வண்டி ஓட்டுவது என்றால் நிறுத்துவது. மீதியெல்லாம் தானே நடக்கும் என்பாள்.

கத்துகிற யூ-டர்ன்களோடு அவள் சமாதானமாகிப் போயிருப்பாள். வைஷ்ணவி அன்று போன் செய்யாமல் இருந்திருந்தால்.

வைஷ்ணவி ஒரே மகள். இமாச்சலத்தில் மலைமேல் ஒரு சின்ன ஊரில் வங்கி வேலை. ஜனவரியில் தலைப்பிரசவம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர முடியாதென்றால் தாய்வீட்டை அங்கே கொண்டுபோய்விடுவது என்று சந்திரன் தீர்மானித்தார். வண்டி வாங்கியதே அதற்குத்தான். அரிசி மூட்டை, ராகி மூட்டை, தொட்டில், பிரசவ லேகியம் எல்லாம் பின்தொட்டியில். மகா வெட் கிரைண்டரும் வேண்டும் என்றாள். "கல்லைத் தூக்கிட்டு மலை ஏறணுமா? அங்க மிக்ஸி கெடைக்காதா?" என்று அதை மட்டும் அவர் தள்ளிவைத்திருந்தார்.

"அம்மா," என்றாள் வைஷ்ணவி ஸ்பீக்கரில், "முந்தாநேத்து பெஞ்ச பனி இப்ப ஐஸாயிடுச்சு. மெயின் ரோட்டுலேர்ந்து எங்க வீட்டுக்கு ஒரு எறக்கம் வருமில்ல, அதுல காலைல ஒரு ஜீப்பு. மெதுவாத்தாம்மா வந்தான். பிரேக் போட்டான். போட்டுட்டு அப்படியே சறுக்கிட்டே வந்து எங்க கேட்டுல முட்டினான்."

"நீ எங்கடி இருந்தே?"

"கேட்டுக்கு உள்ளாறதான். பால் வாங்க வந்தேன்."

சந்திரன் போனுக்கு மேல் குனிந்தார்.

"அது டூ வீல் ஜீப்பா இருக்கும் கண்ணு. நம்மளது ஃபோர் வீலு."

"ஃபோர் வீல்தாம்பா அது."

போனை வைத்த பிறகு நடந்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அப்படியேதான் கேட்டது:

"நான் ஓட்டறேன்," என்றாள் மகா.

"எதை?"

"வண்டியை. பெங்களூர்லேர்ந்து நீங்க ஓட்டுங்க. மலை ஏறினதும் நான். அந்தக் கடைசி எறக்கம் கண்டிப்பா நான்."

"ஏய், இது ஸ்கூல் வேன் இல்ல. நாலு சக்கரமும் இழுக்குதுடி!"

"இழுக்கறதுக்கு நாலு. நிறுத்தறதுக்கு?"

"பிரேக்கும் நாலு சக்கரத்துலயும்தான் இருக்கு."

"அது எல்லா வண்டியிலயும் நாலுதாங்க. என் ஓட்டை வேன்லயும் நாலுதான். அதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய குமிழு?"

சந்திரன் புத்தகத்தை எடுத்துவரப் போனார். மகா புத்தகம் வருமுன்பே பேச்சை முடித்தாள்: "வழுக்கற எடத்துல நிறுத்திக் காட்டுங்க. நின்னா சைனா வரைக்கும் நீங்களே ஓட்டுங்க. நிக்கலைன்னா சாவி என் கையில."

4

பெங்களூரில் வழுக்குகிற வெள்ளைக்கு எங்கே போவது?

இந்த இடத்தில் கதை எனக்கு நின்றுவிட்டது. பனி வேண்டும். நான் பனியைப் பார்த்ததில்லை. ஐஸ் பாக்டரி என்று எழுதிப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. பிறகு ராத்திரி முழுக்கப் புயல் மழை பெய்தது. மறுநாள் ஊரே மூக்கைப் பொத்தியது. அப்போதுதான் புத்தி வந்தது. நம்மிடம் ஏரி இருக்கிறதே!

ஏரியின் பெயரை எழுத மாட்டேன். மழைக்கு மறுநாள் ஏரி நிரம்பி வழியும் இடத்தில், ஊர்க் கழிவுநீரின் சோப்பு நுரை ஆள் உயரத்துக்குப் பொங்கும். காற்றடித்தால் பந்து பந்தாகக் கிளம்பி ரோட்டைக் கடந்து போகும். வெளியூர்க்காரர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஒட்டினாற்போல ஒரு காலி மனை. அபார்ட்மென்ட் கட்ட வேலி போட்டு, பிறகு வேலியும் காணாமல் போன இடம். ஏரிப்பக்கமாகச் சரிவு. கீழே களிமண், மேலே நுரை. வழுக்குவதற்கு அதைவிட என்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனார்கள். மனையின் மேல்முனையில் இளநீர் விற்கும் கிருஷ்ணப்பா கடையை விரித்துக்கொண்டிருந்தார்.

முதல் வரைவில் மகா சரிவின் அடியில் போய் நின்றாள்.

"இது வைஷ்ணவி வீட்டு கேட்டு," என்று கத்தினாள். "நான்தான் வைஷ்ணவி. பால் வாங்க வந்திருக்கேன். வாங்க!"

சந்திரன் ஸ்டார்ட் செய்தார். 4H விளக்கு எரிந்தது. வண்டி நகரவில்லை.

"வாங்களேன்! நாலு சக்கரமும் இழுக்குதே!"

நகரவில்லை. எஞ்சினை அணைத்தார். இறங்கினார். மேலே நின்றபடியே, "நகரு" என்றார்.

"ஏன்?"

"நகருடி."

கதை இங்கேயே முடிந்துவிட்டது, பார்த்தீர்களா? இதற்குமேல் நிரூபிக்க என்ன இருக்கிறது? வண்டியை நம்புகிறேன் என்று வாயால் சொன்னவர், கால் வைக்கவேண்டிய நேரத்தில் நம்பவில்லை. நான் அவரை வண்டிக்குள் திரும்ப உட்காரவைக்க நிறையப் பாடுபட்டேன். "யோவ், கதைதானேய்யா," என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "உங்களுக்குக் கதை," என்றார். அவர் சொன்னது நியாயம். ஓடுகிற வண்டிக்கு முன்னால் ஆளை நிறுத்தக் கூடாது, காகிதத்தில்கூட. ஆகவே மகாவைத் தூக்கிவிட்டு

[இங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி]

கிருஷ்ணப்பாவிடம் நாற்காலி வாங்கிப் போட்டேன். மகா சும்மா இருக்கிறவளா? தன் அரக்கு நிற ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டி, பொத்தான் எல்லாம் போட்டுவிட்டாள். தூரத்திலிருந்து பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு யாரோ உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரிந்தது.

"இப்பவாவது வருவீங்களா?"

சந்திரன் வந்தார். நுரைக்குள் வண்டி இறங்கிய அழகை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு சக்கரமும் திணறவில்லை. வெண்ணெய்க்குள் கத்தி மாதிரி இறங்கியது. அந்த அழகில் அவருக்கே தைரியம் வந்து, கொஞ்சம் கூடுதலாக மிதித்தார். பிறகு நாற்காலி பக்கத்தில் வந்தது. பிரேக்கை அழுத்தினார். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. சக்கரங்கள் நிற்கப் பார்த்தன. வண்டி நிற்கவில்லை. அதே வேகத்தில், அதே அழகோடு, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

நாற்காலி உடைந்த சத்தம் மட்டும் கேட்டது.

"அய்யய்யோ, சேரு!" என்று கிருஷ்ணப்பா ஓடிவந்தார். சக்கரத்துக்கு அடியில் ஸ்வெட்டர் கையைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற மகாவைப் பார்த்தார். "ஏன் சார், ஹெண்டதி மேல, பொண்டாட்டி மேல, இவ்ளோ கோபமா?"

சந்திரன் முழங்கால் நனைய மண்டியிட்டு, ஸ்வெட்டரை மெல்ல மெல்ல வெளியே இழுத்தார். நுரையை உதறினார். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மடித்து, கையில் வைத்துக்கொண்டார்.

"பிரேக் போட்டேன் மகா."

"தெரியும். லைட்டு எரிஞ்சுது."

5

ஒரு சின்ன இடைஞ்சல். சந்திரன் என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார்.

"ரைட்டரம்மா, என்னைச் சிரிக்கறதுக்குன்னே வெச்சிருக்கீங்களா?"

"அப்படியெல்லாம் இல்லை."

"குல்லா எனக்கு. புக்கு எனக்கு. சேர் ஒடைக்கறதும் நான். அவளுக்கு மட்டும் நல்ல நல்ல டயலாக்கா குடுக்கறீங்க."

"அவள் பேசுகிறாள், நான் கேட்டு எழுதுகிறேன்."

"அவளும் ஒரு தடவ எறங்கட்டும். அதையும் எழுதுங்க. அப்புறம் யார் சிரிக்கறாங்கன்னு பாக்கலாம்."

யோசித்துப் பார்த்தேன். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். புத்தகத்தை நம்பும் ஆண், அனுபவத்தை நம்பும் பெண், கடைசியில் பெண் ஜெயிப்பாள் என்று நீங்களும் போன பக்கத்திலேயே முடிவுகட்டியிருப்பீர்கள். நானும்தான். கிழவி எழுதினால் இப்படித்தான் எழுதுவாள் என்று நாலு பேர் சொல்லவும் வசதியாக இருக்கும். அதனாலேயே மகாவைச் சரிவில் இறக்கினேன்.

6

"சாவி," என்றாள் மகா. வண்டியைத் திருப்பி, 4H-இலேயே மேல்முனைக்கு ஏற்றி நிறுத்திவிட்டு அவர் கொடுத்தார்.

ஏறியதும் முதல் வேலையாகக் குமிழை 2H-க்குத் திருப்பினாள். "எனக்கு எதுக்கு இந்த அலங்காரம்?"

முதல் கியர். ஆக்ஸிலேட்டரைத் தொடவேயில்லை. கிளட்சையும் தொடவில்லை. எஞ்சினே வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்கியது. நடுவில் பின்புறம் லேசாக ஆடியபோது பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கைத் திருகாமல், பிள்ளை அழுதுமுடிக்கக் காத்திருப்பவள் மாதிரி பொறுத்தாள். ஆட்டம் நின்றது. பிறகு பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் வைத்ததில், உடைந்த நாற்காலிக்கு வெகு முன்னாலேயே வண்டியும் நின்றது.

கிருஷ்ணப்பா கைதட்டினார். "சக்கத்தாகி, பிரமாதமா ஓட்டினீங்கம்மா!"

மகா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "பாத்தீங்களா? குமிழும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

(இங்கே கதையை முடித்திருந்தால் பத்திரிகைக்காரர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். படத்தில் மகா, பக்கத்தில் வண்டி.)

பிறகு வண்டியைத் திருப்பி மேலே வரப் பார்த்தாள்.

பின் சக்கரங்கள் சுற்றின. வண்டி அங்கேயே இருந்தது. பின்தொட்டி காலி, பாரமே இல்லாத சக்கரம் எதைப் பிடிக்கும்? இன்னும் மிதித்தாள். நுரையும் சேறும் பின்னால் விசிறியடித்தன. வண்டியின் பின்புறம் மெதுவாக ஏரியை நோக்கிச் சறுக்க ஆரம்பித்தது. விட்டாள். மறுபடி மிதித்தாள். சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டது.

சந்திரன் மேலே நின்றுகொண்டிருந்தார். குல்லாய், கட்டிய கை. வாயைத் திறக்கவில்லை. அவர் வாயைத் திறக்காதது இந்தக் கதையில் இதுதான் முதல் தடவை.

மகாவும் கேட்கவில்லை. அவள் கேட்பாள் என்று நான் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கேட்கவே இல்லை. ஒரு நுரைப்பந்து பானெட்டில் வந்து உட்கார்ந்தது.

"கேளும்மா," என்றார் கிருஷ்ணப்பா. "புருஷன்தானே, யாரோ பேரெயவரா, வேத்து ஆளா?"

"ஏங்க!" என்றாள் மகா கடைசியில், யாரையும் பார்க்காமல். "அந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்பணும்?"

சந்திரன் ஓடிவந்தார் என்று எழுதலாம். சறுக்கிக்கொண்டு வந்தார் என்பதுதான் சரி.

"மொதல்ல கால எடு. சக்கரம் நிக்கட்டும். சுத்தும்போது திருப்பினா உள்ள பல்லு போயிடும். ஆங். ஸ்டீயரிங்கை நேரா வை. நியூட்ரல். இப்ப அமுக்கித் திருப்பு, 4L வரைக்கும். விளக்கு நெலையா எரியணும், மினுக்கினா விழலைன்னு அர்த்தம். இரு இரு, இன்னும் மிதிக்காத. கிருஷ்ணப்பா, உங்க எளநி எல்லாம் கொஞ்சம் குடுங்க."

"குடிக்கவா?"

"பாரத்துக்கு!"

இருவரும் குலை குலையாகத் தூக்கிவந்து பின் அச்சுக்கு மேலே அடுக்கினார்கள். உருளாமல் கயிறு போட்டுக் கட்டினார்கள். சந்திரன் ஒதுங்கி நின்றார், வண்டிக்குப் பின்னால் யாரும் இல்லாமல்.

"இப்ப விடு. மெதுவா. ஸ்கூல் வேன்ல பசங்க தூங்கறாங்கன்னு நெனச்சுக்க."

வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் குழியிலிருந்து எழுந்து, நுரையைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. தார் ரோட்டில் ஏறுமுன் மகா தானாகவே நிறுத்தி, "இப்ப டூ வீலுக்குப் போட்டுடணுமா?" என்றாள்.

"போட்டுடணும்," என்றார் சந்திரன். குளிர்காலம் அத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"கிரைண்டர் எடுத்துக்கலாம்," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "நல்ல கனம்."

கிருஷ்ணப்பா நாற்காலிக்கு என்ன வழி என்று கேட்டுக்கொண்டிருந்ததை நான் எழுதாமல் விடுகிறேன்.

7

இது கட்டுரையாக இருந்திருந்தால் இங்கே சொல்லவேண்டியது: நாலு சக்கர இழுவை கிளம்ப உதவும், ஏற உதவும், குழியிலிருந்து எழ உதவும். ஐஸில் பிரேக் போட்ட வண்டியை அது நிறுத்தாது. நிறுத்துவது டயரும், டயரில் மாட்டிய சங்கிலியும், முன்கூட்டியே குறைத்த வேகமும், முன்வண்டிக்கு விட்ட இடைவெளியும். இறக்கத்தில் சின்ன கியர். திருப்பத்தில் சட்டென்று எதுவும் கூடாது. இழுவை நன்றாக இருக்கிறது என்பதால் ரோடு நன்றாக இருக்கிறது என்று நினைப்பதுதான் ஆபத்து. இதெல்லாம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து புத்தகத்தில் வாசித்தார்கள். குளிர்காலம் என்ற சொல்லுக்கு முந்தைய பக்கத்திலேயே, "பனி அல்லது சேறு படிந்த பாதையில்" என்று இருந்தது. சந்திரன் அந்தப் பக்கத்தை எப்படி விட்டாரோ.

ஆனால் இது கதை. கடைசி இறக்கத்தில் யார் ஓட்டுவது? என்னிடம் சில முடிவுகள் இருக்கின்றன.

(அ) மகா ஓட்டுகிறாள். பந்தயத்தில் நின்றது அவள் வண்டிதானே. இதை எழுத ஆரம்பித்தேன். "மகா சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு—" சந்திரன் குறுக்கிட்டார். கோபமாக இல்லை.

"நுரைல நிறுத்திட்டோம், ஐஸ்லயும் நிறுத்திடலாம்னு உனக்கு இப்ப ஒரு தைரியம் வந்திருக்கு பாரு மகா."

"வந்தா என்ன?"

"நேத்து வரைக்கும் எனக்கு இருந்தது அதேதான்."

மகா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துவிட்டாள். நானும் பேனாவை மூடிவிட்டேன்.

(ஆ) அப்படியென்றால் சந்திரன் ஓட்டுகிறார். பயந்தவர், ஸ்வெட்டரை இழுத்தெடுத்த கை அது, இனி வாழ்நாளில் வேகமாக இறங்க மாட்டார். நல்ல முடிவாகத்தான் பட்டது. மகா விடவில்லை.

"பயந்தவங்க பிரேக்கைத்தாங்க மிதிப்பாங்க. அந்த எறக்கத்துல அதைத்தான் மிதிக்கக் கூடாது."

(இ) அவள் ஸ்டீயரிங், அவர் குமிழ், இருவரும் சேர்ந்து. வேண்டாம். இந்த மாதிரி முடிவுகளை எழுதினால் எனக்கே கொட்டாவி வருகிறது. ஓட்டுகிற இருக்கை ஒன்றுதான் இருக்கிறது.

(ஈ) விமானத்தில் போகிறார்கள். இதற்கு இரண்டு பேரும் ஒரே குரலில் என்னைத் திட்டினார்கள். இந்தக் கதையில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

8

ஆகவே எனக்குத் தெரிந்த இடம்வரை கொண்டுவந்து விடுகிறேன். எலஹங்கா தாண்டி, பெல்லாரி ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க். விடிந்து வெயில் ஏறிவிட்டது. பின்தொட்டியில் மூட்டைகள், கிரைண்டர், தொட்டில், டயர் சங்கிலி, எல்லாம் இறுக்கிக் கட்டியிருக்கின்றன. குமிழ் 2H-இல் இருக்கிறது. இதற்குமேல் பனி. அதை நான் பார்த்ததில்லை என்று சொன்னேனே, கேட்டதுமில்லை. பனியில் யார் என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

இதுவரை யார் ஓட்டிவந்தார்கள் என்று கேட்காதீர்கள். சமதரையில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். மலையில் யார் என்று இன்றைக்கே முடிவாக வேண்டும் என்பது மகாவின் கட்சி. மலை வரட்டும் பார்க்கலாம் என்பது சந்திரனின் கட்சி. மலை வந்தபிறகு பார்ப்பதற்கு நேரம் இருக்காது என்று இருவருக்குமே தெரியும். டீசல் போட்டாகிவிட்டது. இரண்டு பக்கக் கதவுகளும் திறந்திருக்கின்றன. இருவரும் பானெட்டுக்கு முன்னால் நிற்கிறார்கள், பானெட்டின் மேல் போன், போனில் வைஷ்ணவி.

"கெளம்பிட்டீங்களா?"

"கெளம்பியாச்சு கண்ணு," என்கிறார் சந்திரன்.

"ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியாம்மா?"

"ஒண்ணு இருக்குடி. ஒரு கை மட்டும் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு."

"எப்படிக் கிழிஞ்சுது?"

இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன்.

"சரி, அதை விடுங்க. இங்க எறக்கத்துல எல்லாம் இன்னும் ஐஸாத்தான் கெடக்கு. நீங்க வர்ற அன்னிக்கு நான் வாசல்ல வந்து நிக்கணும்னு ஆசையா இருக்கு. யாரு ஓட்டிட்டு வர்றீங்க?"

மகா சந்திரனைப் பார்க்கிறாள். சந்திரன் மகாவைப் பார்க்கிறார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் என் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்து வாயை மூடிக்கொண்டு நிற்பது இதுதான் முதல் தடவை. காதுக்கு வேலை இல்லாத இடத்தில் எனக்கும் வேலை இல்லை. நீங்கள்தான் பக்கத்தில் நிற்கிறீர்கள். போனும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

"ஹலோ? லைன்ல யாராச்சும் இருக்கீங்களா? யாரு ஓட்டறாங்கன்னு சொன்னாத்தானே, நான் கேட்டைச் சாத்திட்டு வாசல்ல நிக்கறதா, தெறந்து வெச்சுட்டு மாடிக்குப் போயிடறதான்னு முடிவு பண்ண முடியும்?"